வலியின் சொல்லும் வலியின் அளவும்: முதுகுவலி, மூட்டுவலி ஆய்வு வரலாற்றில் மொழிபெயர்ப்பின் இடம்

முதுகுவலி மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எக்ஸ் கதிர்ப் படம், அறுவைக் கத்தி, செயற்கை மூட்டு, காந்த அதிர்வுப் படம் என்ற வரிசையில் அது நடைபோடும். இக்கருவிகளுக்கு இணையாகவும், சில வேளைகளில் அவற்றை விஞ்சியும், நோயாளி பெற்ற சிகிச்சையை முடிவு செய்த பிறிதொன்று உண்டு. அது சொல். மருத்துவர் நோய்க்கு இட்ட பெயரும், நோயாளி தன் வலியைக் கூறிய சொல்லும், அச்சொல் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் சென்ற விதமும் இத்துறையின் போக்கை மாற்றியுள்ளன.

இதற்குக் காரணம் வெளிப்படை. நாள்பட்ட முதுகுவலியை அளக்க வெப்பமானி போன்ற கருவி இல்லை. படத்தில் தெரிவதும் நோயாளி உணர்வதும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை. ஆகவே ஒரு மருந்தோ அறுவையோ பயன் தந்ததா என்பதற்கு நோயாளியின் வாய்மொழியே இறுதிச் சான்றாகிறது. அவ்வாய்மொழியை எண்ணாக மாற்றும் வினாநிரல்களுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் தோன்றியவை. ஏனைய மொழியினரை மொழிபெயர்ப்பாளர் வழியாகவே அடைந்தவை. மொழிபெயர்ப்பில் சொல் பிசகின் ஆய்வின் எண்ணும் பிசகும் என்பதை இக்கட்டுரை சில வரலாற்றுச் செய்திகளின் துணைகொண்டு காட்ட முற்படுகிறது.

பழைய பெயர்கள்

ஐரோப்பிய மருத்துவம் நெடுங்காலம் இவ்வலிகளை இடத்தின் பெயராலேயே அழைத்தது. ‘லும்பாகோ’ என்பது இடுப்புப் பகுதியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது. ‘சயாட்டிகா’ என்பது இடுப்பு மூட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. இப்பெயர்கள் வலி எங்கே என்று கூறினவேயன்றி, எதனால் என்று கூறவில்லை. 1764இல் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் தொமெனிக்கோ கொட்டுஞோ, மூட்டிலிருந்து எழும் வலியையும் நரம்பின் வழி ஓடும் வலியையும் பிரித்துக் காட்டி நூலொன்று எழுதினார். ஒரே பெயருக்குள் இரு நோய்கள் அடங்கியிருந்தன என்பதே அவர் கண்டது. எனினும், காரணத்தைக் கூறாத இப்பெயர்களால் ஒரு நன்மையும் இருந்தது என்று தோன்றுகிறது. காரணம் தெரியாதபோது தெரிந்ததுபோல் காட்டும் குற்றம் அவற்றிடம் இல்லை.

டிஸ்க் என்னும் சொல்

இந்நிலையை மாற்றியது 1934ஆம் ஆண்டு. பாஸ்டன் நகரின் வில்லியம் ஜேசன் மிக்ஸ்டரும் ஜோசப் பாரும் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முதுகெலும்புக் கால்வாயிலிருந்து அறுத்தெடுக்கப்பட்டுக் குருத்தெலும்புக் கட்டி என்று பெயரிடப்பட்டிருந்த பொருள்களுள் பல, உண்மையில் கட்டிகளே அல்ல என்பதும், முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு கிழிந்து வெளிவந்த பகுதிகள் என்பதும் அவர்கள் கூறியவை. கண்ணாடிக் குடுவையில் இருந்த பொருள் மாறவில்லை; அதன் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு மாறியது. அம்மாற்றத்தால் காலுக்கு ஓடும் வலிக்கு ஒரு காரணமும், காரணத்திற்கு ஓர் அறுவையும் கிடைத்தன.

அவ்விருவரும் தேர்ந்த சொல் ‘கிழிவு’ என்னும் பொருள் தருவது. மக்கள் வழக்கில் நிலைத்ததோ ‘ஸ்லிப்டு டிஸ்க்’, அதாவது நழுவிய தட்டு. அச்சொல் உடற்கூற்றுக்கு ஒவ்வாதது. தட்டு மேலும் கீழும் எலும்போடு இறுகப் பிணைந்தது. சுற்றிலும் நார் வளையம் உடையது. அடுக்கிய தட்டுகளுள் ஒன்று நழுவுவதுபோல் அது நழுவ இயலாது. நடுவிலுள்ள கூழ்ப்பொருள் வளையத்தின் விரிசல் வழியே பிதுங்குவதுண்டு, அவ்வளவே. ஆயினும் நழுவியது என்ற சொல்லைக் கேட்டவர் மனத்தில், நழுவியதைத் தள்ளி இருந்த இடத்தில் வைத்துவிடலாம் என்ற எண்ணமும், அசைந்தால் மீண்டும் நழுவும் என்ற அச்சமும் ஒருங்கே எழுகின்றன. தமிழில் இச்சொல் ‘டிஸ்க் விலகல்’ என்றும் ‘ஜவ்வு விலகல்’ என்றும் வழங்குகிறது. ‘ஜவ்வு’ முதுகெலும்பின் தட்டையும் குறிக்கிறது. முழங்காலின் பிறைக் குருத்தெலும்பையும் குறிக்கிறது. சில வேளைகளில் எலும்பைப் பிணைக்கும் நாரையும் குறிக்கிறது. விலகினாலும் கிழிந்தாலும் தேய்ந்தாலும் அது ஜவ்வே. மொழிபெயர்ப்பாளர் இவ்வழக்கைக் கண்டு முகம் சுளிக்கலாம். ஆனால் நோயாளி மருத்துவமனைக்குள் கொண்டுவரும் சொல் இதுதான்.

அறுவை பயனற்றது என்று கூறுவது பிழையாகும். நரம்பு நெருக்கப்பட்டுக் காலுக்கு ஓடும் கடும் வலியில் அது விரைந்து நிவாரணம் தருகிறது. நார்வே நாட்டில் வெபர் என்பவர் 1983இல் வெளியிட்ட ஒப்பாய்வில், ஓராண்டின் முடிவில் அறுவை பெற்றோர் நிலை மேம்பட்டிருந்தது. நான்காம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் இரு பிரிவினர்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிக்கல் எழுந்தது, காலுக்கு ஓடாத வெறும் முதுகுவலியையும் டிஸ்க் என்ற பெயர் தன் குடைக்கீழ் இழுத்துக்கொண்டபோது. 1994இல் ஜென்சனும் உடன் ஆய்வாளரும் முதுகுவலி இல்லாத 98 பேரைக் காந்த அதிர்வுப் படம் எடுத்துப் பார்த்தனர். அவர்களுள் 52 விழுக்காட்டினர்க்குக் குறைந்தது ஒரு தட்டிலேனும் புடைப்பு இருந்தது. 27 விழுக்காட்டினர்க்குத் துருத்தம் இருந்தது. எல்லாத் தட்டுகளும் இயல்பாக இருந்தவர்கள் 36 விழுக்காட்டினரே. வலியற்ற உடலிலும் காணப்படும் ஒன்றை நோயின் பெயராக எழுதிவந்துள்ளோமோ என்ற ஐயம் இதனால் வலுப்பெற்றது.

இதனைத் தொடர்ந்து நடந்தது கலைச்சொல்லாக்கத் துறையினர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. 2001இல் முதுகெலும்பு மருத்துவர், கதிரியல் மருத்துவர் ஆகியோரின் அமெரிக்கச் சங்கங்கள் மூன்று கூடி, தட்டின் மாற்றங்களைக் குறிக்கும் சொற்களுக்கு வரையறை வகுத்தன. 2014இல் அவ்வரையறையைத் திருத்தின. புடைப்பு, துருத்தம், வெளித்தள்ளல், துண்டாகப் பிரிதல் எனத் தமிழில் கூறத்தக்க சொற்கள் அவற்றுள் உள்ளன. தட்டின் சுற்றளவில் எத்தனை பங்கு வெளிவந்தால் அது புடைப்பு, எத்தனை பங்கிற்குள் இருந்தால் பிதுக்கம் என்பதற்கு எல்லை குறிக்கப்பட்டது. முதல் வரையறையில் அவ்வெல்லை சுற்றளவில் 50 விழுக்காடு. திருத்தத்தில் 25 விழுக்காடு. ஆகவே 2001இல் பிதுக்கம் என்ற பெயருக்கு உரியதாக இருந்த ஒரு தட்டு, இம்மியும் மாறாமலே 2014இல் புடைப்பாகியிருக்கக்கூடும். இவ்விரு சொற்களுக்கும் தமிழில் ஒரே சொல்லைப் பெய்யும் அறிக்கைகள் எதனை இழக்கின்றன என்பதை விளக்க வேண்டியதில்லை.

எழுபத்தெட்டுச் சொற்கள்

மருத்துவரின் சொல்லிலிருந்து நோயாளியின் சொல்லுக்கு ஆய்வைத் திருப்பியவர் கனடாவின் உளவியலறிஞர் ரொனால்டு மெல்சாக். பேட்ரிக் வால் என்பவரோடு சேர்ந்து 1965இல் வலியின் ‘வாயிற் கோட்பாட்டை’ வெளியிட்டவராக அவர் பெரிதும் அறியப்படுகிறார். மொழியியலார்க்கு அவரது மற்றொரு பணியே நெருக்கமானது. 1950களில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பணியாற்றியபோது, நோயாளிகள் வலியைக் கூறப் பயன்படுத்தும் சொற்களைச் சேர்க்கத் தொடங்கினார். 1971இல் அவரும் டார்கர்சனும் 102 சொற்களை மூன்று பெருவகைகளாகப் பகுத்து வெளியிட்டனர். புலன் உணர்வைக் கூறும் சொற்கள், உள்ளத்தின் தாக்கத்தைக் கூறும் சொற்கள், வலியை மதிப்பிடும் சொற்கள் என்பன அவை. மருத்துவர், நோயாளி, மாணவர் ஆகிய மூவகையினரிடமும் ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு வலியைக் குறிக்கிறது என்று கேட்டு வரிசைப்படுத்தினர். அதன் பயனாக 1975இல் வெளியான மக்கில் வலி வினாநிரலில் 78 சொற்கள் 20 குழுக்களாக நின்றன. நோயாளி ஒவ்வொரு குழுவிலும் தமக்குப் பொருந்தும் ஒரு சொல்லைத் தேர்வார்; பொருந்தாவிடில் குழுவையே விட்டுவிடுவார். குழுவில் அச்சொல் நிற்கும் இடமே அதன் மதிப்பெண்.

ஓர் அகராதிக் குழு செய்யும் பணியை மருத்துவ ஆய்வு மேற்கொண்டது எனலாம். சொற்களின் நெருக்கத்தையும் தரத்தையும் பேசுவோரிடம் கேட்டு வரையறுப்பது பொருண்மையியலார் வழி. அதன் விளைவு முதுகுவலி, மூட்டுவலி சிகிச்சைகளை ஒப்பிடும் அளவுகோலாயிற்று. 1987இல் அதன் சுருக்க வடிவம் 15 சொற்களோடு வந்தது. மருத்துவமனை நெரிசலில் எழுபத்தெட்டைக் கேட்க நேரமில்லை என்பது அதன் பின்னணி.

இங்கேதான் மொழிபெயர்ப்புச் சிக்கல் தொடங்குகிறது. அச்சொற்கள் ஆங்கிலத்தில் பெரும்பாலும் பெயரடைகள். வலி என்னும் பெயருக்கு முன் நிற்பவை. இவ்வமைப்பு எல்லா மொழிக்கும் பொதுவானதன்று. தாய்லாந்து மொழியில் வலியின் வகைகளை வினைகளே சுமக்கின்றன என்பதை 1976இல் பாப்ரேகாவும் டைமாவும், 1980இல் டில்லரும் எடுத்துக்காட்டினர். வலி இலக்கணத்தில் செயலாகவும் பண்பாகவும் பொருளாகவும் நிற்கக்கூடும் என்பதை ஹாலிடே 1998இல் தனிக் கட்டுரையாகவே ஆராய்ந்தார். பின்லாந்து ஆய்வாளர் 1981இல் வேறு வழி சென்றனர். ஆங்கிலப் பட்டியலைப் பெயர்க்காது, தம் மொழியின் வலிச் சொற்களைத் திரட்டி, மெல்சாக்கின் முறையை மட்டும் எடுத்துக்கொண்டனர். பட்டியலைப் பெயர்ப்பதா, முறையைப் பெயர்ப்பதா என்ற கேள்வி அன்று முதல் இத்துறையில் உள்ளது. முதல் வழியில் நாடுகளுக்கிடையே எண்களை ஒப்பிடல் எளிது. ஆனால் ஒப்பிடப்படுவன ஒன்றுதானா என்பது உறுதியில்லை. இரண்டாம் வழி உழைப்பு மிகுந்தது. இந்திய மொழிகளுக்கு இரண்டாவதே உகந்தது என்பது இக்கட்டுரையாளன் கருத்து. தமிழ்ச் சொற்கள் சிலவற்றை நோக்கின் காரணம் விளங்கும்.

குடைச்சலை எங்கே வைப்பது?

‘குடைச்சல்’ என்பதன் அடிச்சொல் குடைதல், துளைத்து உட்குழிவாக்குதல். மக்கில் நிரலில் துளைத்தலைக் குறிக்கும் சொற்களுக்குத் தனிக் குழு உண்டு. குத்தல், ஊசி குத்தல், கத்தியால் குத்தல் ஆகியவற்றோடு அவை நிற்கின்றன. சொற்பிறப்பை மட்டும் நோக்கும் மொழிபெயர்ப்பாளர் குடைச்சலை அங்கே வைப்பார். ஆனால் கை கால் குடைச்சல் என்று ஒருவர் கூறும்போது கூர்மையான குத்தலை அவர் கருதுவதில்லை. மூட்டின் ஆழத்தில் இரவெல்லாம் மந்தமாக இருந்துகொண்டே இருக்கும் நோவையே கருதுகிறார். வழக்கு நோக்கின் அதன் இடம் வேறொரு குழு. குழு மாறினால் மதிப்பெண் மாறும். நரம்பு வலியா மூட்டு வலியா என்ற ஊகமும் மாறும்.

‘கடுப்பு’ இன்னும் நுட்பமானது. கால் கடுப்பு நெடுநேரம் நின்றதன் அயர்ச்சி, நீர்க்கடுப்பு எரிச்சல், வயிற்றுக்கடுப்பு நோயின் பெயரே. உறுப்பின் பெயர் முன்னே வராமல் இச்சொல்லுக்குப் பொருள் முற்றுப்பெறாது. உறுப்பைக் கூறாமல் சொற்களை வரிசையாகத் தரும் வினாநிரலில் இதனை எவ்வாறு சேர்ப்பது? ‘உளைச்சல்’ மெல்சாக்கின் பெருவகைப் பகுப்பையே ஊடறுத்துச் செல்கிறது. கால் உளைச்சலும் உண்டு, மன உளைச்சலும் உண்டு. யாழ்ப்பாண வழக்கில் நாரி உளைவு என்பது கீழ்முதுகின் நோவு. புலனுக்கும் உள்ளத்துக்கும் இடையே கோடு கிழிக்கும் அளவுகோலில் இச்சொல் கோட்டின் மேலேயே நிற்கும்.

‘விண்விண்ணென்று தெறிக்கிறது’, ‘சுருக்கென்று குத்துகிறது’, ‘பிடித்து இழுக்கிறது’ என்பன போன்றவை பிறிதொரு தொகுதி. இவற்றில் குறிப்புச்சொல்லும் வினையும் சேர்ந்தே வலியின் தன்மையை உணர்த்துகின்றன; உறுப்பு எழுவாயாகிறது; நோயாளி நான்காம் வேற்றுமையில் ஒதுங்கிவிடுகிறார் அல்லது காணாமலே போகிறார். இவற்றைத் ‘தெறிக்கும் வலி’, ‘குத்தும் வலி’ என ஆங்கில அச்சில் வார்த்தால் பிழையில்லை; ஆனால் அவ்வாறு பேசுவார் அரியர். ‘தொட்டால் வலிக்கிறது’ என்று தமிழ் முழுத்தொடராகக் கூறுவதை ஆங்கிலம் ‘டெண்டர்’ என்னும் ஒரு சொல்லில் அடக்குகிறது. இதற்கென ஒரு புதுச்சொல்லைப் புனைந்து நிரலில் இடுவது நோயாளியைத் திகைக்க வைப்பதன்றி வேறொன்றும் செய்யாது.

மிகைச்சொற்கள் இன்னும் இடர் தருவன. மக்கில் நிரலின் பதினான்காம் குழுவில் ‘தண்டிக்கிற’ எனத் தொடங்கி ‘கொல்லுகிற’ என முடியும் ஐந்து சொற்கள் உள்ளன. இறுதிச் சொல்லுக்கு உயர்ந்த மதிப்பெண். ஆங்கிலத்தின் ‘பெயின்’ என்ற சொல்லே தண்டனையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழித்தோன்றல் என்பதால் அக்குழு அம்மொழியில் இயல்பாக அமைந்தது போலும். தமிழில் உயிர் போகிறது என்பது அன்றாட வழக்கு. காலணி கடித்தாலும் கூறுவர். அதனை ஐந்தாம் இடத்தில் வைத்தால் தமிழர் உலகிலேயே கடும் வலி உடையவராகக் கணக்கில் வருவர். கூறாதொழியும் முதியவரோ வலியற்றவராகக் கணக்கில் வருவார். 2020இல் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் வலியின் வரையறையைத் திருத்தியபோது, வாய்மொழி வலியை வெளிப்படுத்தும் பல வழிகளுள் ஒன்றே என்ற குறிப்பையும் சேர்த்தது இவ்விடத்தில் நோக்கத்தக்கது.

முதுகா, இடுப்பா?

வலியின் தன்மையை விடுத்து, வலியால் செய்ய இயலாதவற்றைக் கேட்கும் நிரல்களும் தோன்றின. ஆஸ்வெஸ்ட்ரி நிரல் 1980இலும், 24 கூற்றுகளைக் கொண்ட ரோலண்ட் மாரிஸ் நிரல் 1983இலும், முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்வுக்கான வோமேக் நிரல் 1988இலும் வெளிவந்தன. செயல்களைப் பெயர்ப்பது எளிது என்று முதலில் தோன்றும். ஆனால் ரோலண்ட் மாரிஸ் நிரல் பெரும்பாலான கூற்றுகளில் ‘என் முதுகின் காரணமாக’ என்ற பொருளுடைய தொடரை வேண்டுகிறது. தமிழில் முதுகு என்றால் தோளுக்குக் கீழுள்ள மேற்பகுதியைக் காட்டுவோர் பலர். ஆய்வாளர் கருதும் இடம் பேச்சுவழக்கில் இடுப்பு. இடுப்பு என்றாலோ அது இடையையும் இடுப்பு மூட்டையும் சேர்த்தே குறிக்கும். இடுப்புவலி என்பது பேறுகால வலிக்கும் பெயர். ‘கீழ்முதுகு’ துல்லியமான மொழிபெயர்ப்பே. ஆயினும் வீட்டில் யாரும் அவ்வாறு கூறுவதில்லை. 1987இல் வெளியான நார்டிக் வினாநிரல் இச்சிக்கலைச் சொல்லால் தீர்க்காமல், உடலின் பின்புற ஓவியத்தில் பகுதிகளைப் பிரித்துக் காட்டித் தீர்த்தது.

வாழ்க்கைமுறையின் வேறுபாடு மற்றொரு தடை. வோமேக் காலுறை அணிவதையும், குளியல்தொட்டியில் இறங்கி ஏறுவதையும் கேட்கிறது. தரையில் சம்மணமிட்டு உண்டு, குந்தி அமர்ந்து மலங்கழிக்கும் மனிதரிடம் இவற்றைக் கேட்டால், முழங்கால் மடங்காத நோயாளியும் இடர் எதுவும் இல்லை என்று விடையளிப்பார். முடக்குவாத நோயாளிக்கான அமெரிக்க நிரலொன்றின் இந்திய வடிவம் 2002இல் வெளியானபோது, புடவையோ வேட்டியோ உடுத்தல், குந்தி அமர்தல், சம்மணமிடுதல், ஆட்டோரிக்சாவில் ஏறி இறங்குதல், காய்கறிச் சந்தைக்குச் சென்று வருதல் ஆகியவை இடம்பெற்றன. இதனை மொழிபெயர்ப்பு என்பதா, புத்தாக்கம் என்பதா என்ற வினா கோட்பாட்டாளர்க்கு உரியது. நோயாளிக்கு அது முதன்முறையாகப் பொருள் உள்ள வினா.

ஆஸ்வெஸ்ட்ரி நிரலின் தமிழ் வடிவம் ஒன்று 2014இல் ஆய்விதழில் வந்தது. மூலத்தில் நடைத்தொலைவு மைல் கணக்கில் உள்ளது. மைலைக் கிலோமீட்டராக்குவது கணக்கு. ஆனால் பேருந்து நிறுத்தம் வரை, கோயில் வரை என்று தொலைவைக் கூறும் மூதாட்டிக்குக் கிலோமீட்டரும் அயல்மொழியே. அந்நிரலின் பத்துப் பகுதிகளுள் ஒன்று இல்லற உறவைப் பற்றியது. அதனை விடுத்தோர்க்கு 50க்குப் பதிலாக 45ஐ முழு மதிப்பாகக் கொண்டு கணக்கிட மூலத்திலேயே வழி உண்டு. விடையின்மையையும் ஒரு விடையாக ஏற்ற இந்த ஏற்பாட்டை வகுத்தோர் மொழிபெயர்ப்பாளரின் நன்றிக்குரியர்.

தேய்மானம்

சொல் அளப்பதோடு நில்லாது நோயாளியின் நடையையும் மாற்றும். 1986இல் டேயோவும் உடன் ஆய்வாளரும் முதுகுவலியோர் 203 பேரிடம் நிகழ்த்திய ஆய்வு, இரண்டு நாள் படுக்கை ஓய்வுக்கும் ஏழு நாள் ஓய்வுக்கும் குணமாவதில் வேறுபாடில்லை என்றும், குறைந்த ஓய்வினர் விரைந்து பணிக்குத் திரும்பினர் என்றும் காட்டியது. அதன்பின் வந்த வழிகாட்டிகள் இயக்கத்தையே மருந்தாகக் கூறின. உலக நலவாழ்வு நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியும் உடற்பயிற்சியையும் நோய் குறித்த விளக்கத்தையும் முன்வைக்கிறது. 2020இல் உலகில் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியுடன் வாழ்ந்தனர் என்ற மதிப்பீட்டை நோக்க, இது சிறு செய்தியன்று.

ஆனால் மருத்துவமனை வாயிலில் நோயாளி பெறும் சொல் ‘தேய்மானம்’. ஆங்கிலத்தில் வழங்கும் தேய்வும் கிழிவும் என்ற இணைச்சொல்லின் தமிழ் நிழல் அது. தமிழில் அச்சொல் கணக்குப் புத்தகத்திலும் உண்டு. இயந்திரத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதை அது குறிக்கும். தேய்ந்த பொருள் வளராது. பயன்படுத்தப் பயன்படுத்த மேலும் தேயும். ஆகவே தேய்மானம் என்று கேட்டவர் நடையைக் குறைப்பது அச்சொல்லின் பொருளுக்கு முற்றிலும் இசைந்த செயலே. மூட்டு உயிருள்ள திசு, அசைவால் வலுப்பெறுவது என்ற ஆய்வுமுடிவைக் கூறப்போகும் துண்டறிக்கை, தலைப்பிலேயே அதனை மறுத்துவிடுகிறது. 2009இல் இங்கிலாந்திலும் 2013இல் நியூசிலாந்திலும் நிகழ்ந்த நேர்காணல் ஆய்வுகள், மருத்துவர் எண்ணாமல் கூறிய இத்தகைய சொற்கள் நோயாளியின் மனத்தில் நெடுங்காலம் தங்கி அச்சமூட்டுவதைப் பதிவு செய்துள்ளன. மூட்டு மாற்றம், மூட்டு அழற்சி, மூட்டு வாதம் என மாற்றுச்சொற்களைப் பலர் முயன்றுள்ளனர். எதுவும் தேய்மானத்தின் இடத்தைப் பிடிக்கவில்லை.

‘நாள்பட்ட’ என்பதும் அவ்வாறே கவனத்திற்குரியது. ஆய்வாளர் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த வலியை இவ்வாறு அழைப்பர். காலத்தையன்றி வேறெதையும் அது குறிப்பதில்லை. இதனைத் ‘தீராத வலி’ என்று பெயர்த்தால் மருத்துவம் கைவிட்டது என்ற பொருள் வந்துவிடும். ஆய்வில் சேர ஒப்புதல் அளிக்கும் படிவத்தில் அவ்வாறு படித்த ஒருவர், தீராததைத் தீர்க்க ஏன் ஆய்வு என்று கேட்டால் விடை கூறுவது கடினம்.

2000இல் வெளியான மொழிபெயர்ப்பு நெறிமுறை இத்தகைய இடர்களைக் கருதி வகுக்கப்பட்டது. இருவர் தனித்தனியே பெயர்த்தல், அவர்களுள் ஒருவர் மருத்துவம் அறியாதவராயிருத்தல், இரு பெயர்ப்பையும் ஒன்றாக்கல், மூலத்தைக் காணாத இருவர் மீள்பெயர்த்தல், குழு ஆய்தல், இறுதியில் 30 முதல் 40 நோயாளிகளிடம் சோதித்தல் என்பன அதன் படிகள். மீள்பெயர்ப்பு குடைச்சலின் சிக்கலைக் காட்டாது. குடைச்சல் துளைத்தலாகவே ஒழுங்காகத் திரும்பிச் செல்லும். அதனைக் காட்டுவது கடைசிப் படி ஒன்றே. அந்நோயாளிகளிடம் இச்சொல்லால் என்ன புரிந்துகொண்டீர்கள் என்று கேட்டுப் பெற்ற விடைகளும், குழு விலக்கிய சொற்களின் பட்டியலும், விலக்கியதற்கான காரணங்களும் அச்சேறுவது அரிது. ஆய்விதழில் நம்பகக் கெழுவின் எண்ணே இடம்பெறும். கடுப்பு எந்த மாவட்டத்தில் எதனைக் குறித்தது, உளைச்சலை யார் ஏற்றனர், யார் மறுத்தனர் என்ற செய்திகளெல்லாம் கோப்புகளில் தங்கிவிடுகின்றன. வட்டார வழக்கு அகராதி தொகுப்போர் அக்கோப்புகளைக் கேட்டுப் பெறலாம். வினாநிரல் ஆக்குவோரும் அவ்வகராதிகளைப் புரட்டிய பின்னர்த் தொடங்கலாம்.